எனக்குக் கோபம் வருவதில்லை: ஆம் / இல்லை

எங்கள் அலுவலகத்தில் என்னைப் பண்டிதர் என்று கூப்பிடுவார்கள். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். கழிப்பறைக் கதவில் யாரோ ஒட்டியிருந்த "தண்ணி ஊத்தவும்" என்ற காகிதத்தைக் கிழித்துவிட்டு, "பயன்படுத்தியபின் நீர் ஊற்றவும், அடுத்து வருபவரும் மனிதரே" என்று எழுதி ஒட்டினேன். அன்று மாலையே பெயர் வந்துவிட்டது. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டர் அது. எந்த மெக்கானிக் எந்தத் தெருவுக்கு எப்போது போக வேண்டும் என்று பட்டியல் போடுவது என் வேலை. தமிழைத் திருத்துவது யாரும் கேட்காமல் நானே செய்கிற சேவை.

ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து குணப் பரீட்சை ஒன்று வந்தது. மொத்தம் நாற்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். டிக் போட்டு முடித்தால் நீங்கள் நெருப்பா, தண்ணீரா, காற்றா, மண்ணா என்று தெரிந்துவிடும். நெருப்பு என்றால் கண்டிப்பான ஆள், பொருளைக் காக்க ஏற்றவர். தண்ணீர் பொறுமைசாலி, ஜனங்களோடு பேச ஏற்றவர். காற்றுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. மண் உட்கார்ந்த இடத்தில் நுணுக்கமாக வேலை பார்க்கும். இருபத்திரண்டு பேர் இருக்கும் எங்கள் கிளையில் யார் யார் என்னென்ன என்று தெரிந்துகொண்டால் ஆளுக்கேற்ற வேலை கொடுக்கலாம் என்று மேனேஜர் அரை மணி நேரம் பேசினார். பரீட்சை ஆங்கிலத்தில் இருந்தது. யார் தமிழில் மாற்றுவது என்று அவர் கேட்பதற்குள் நான் பேனா மூடியைக் கழற்றியிருந்தேன்.

நன்றாகத்தான் மாற்றினேன். வாக்கியங்களில் சரிபாதி எதிர்மறை. "எனக்கு எளிதில் கோபம் வருவதில்லை", "பிறர் குறுக்கே பேசினால் நான் பொருட்படுத்துவதில்லை", "முகத்துக்கு நேரே மறுத்துப் பேச எனக்குப் பிடிப்பதில்லை" என்று இருபது. கட்டங்களுக்கு மேலே "ஒத்துக்கொள்கிறேன்", "ஒத்துக்கொள்ளவில்லை" என்று போட வேண்டும். அங்கேதான் இடம் போதவில்லை. இரண்டாவது சொல் பக்கத்தின் ஓரத்தில் இடித்துக்கொண்டு "ஒத்துக்கொள்ளவி" என்று நின்றது. எழுத்தைச் சிறிதாக்கினால் எறும்பு வரிசை. யோசித்தேன். இரண்டையும் தூக்கிவிட்டு "ஆம்", "இல்லை" என்று போட்டேன். பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. சுருக்கமாக, நச்சென்று இருப்பதாக மேனேஜர் சொன்னார். மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை.

எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். மேனேஜர் மட்டும் தனக்குத் தமிழ் தேவையில்லை என்று ஆங்கிலத்திலேயே எழுதினார். விடைத்தாள்கள் தலைமை அலுவலகத்துக்குப் போய், ஆளுக்கொரு சான்றிதழாகத் திரும்பி வந்தன. மேனேஜர் காற்று. எங்கும் வியாபித்திருப்பவர் என்று அதற்கு அவரே பொருள் சொன்னார். நான் மண்; "நுணுக்கங்களைத் தவறவிடாதவர்" என்று அச்சில் போட்டிருந்தார்கள். அதை வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். தேனக்கா நெருப்பு, கடுகு அண்ணன் தண்ணீர்.

இவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேனக்கா பதினாறு வருடமாகப் புகார் போன் எடுப்பவர். துணி கிழிந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கூட, அக்கா "மன்னிச்சிடுங்க, உங்க சிரமம் புரியுது" என்று ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடம் அடங்கி, மூன்றாவது நிமிடம் தன் மூட்டு வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். கடுகு அண்ணன் உதிரிபாக ஸ்டோரைக் கட்டிக் காத்தவர். பொட்டுப் பொட்டென்று வெடிப்பதால் கடுகு. ஒரு பெல்ட் கேட்டு ஜன்னலில் கையை நீட்டினால் பெல்ட் வராது. போன வாரம் வாங்கிய பெல்ட்டைத் தின்றுவிட்டாயா என்ற கேள்விதான் வரும். மெக்கானிக்குகள் அவரிடம் போக வேண்டுமென்றால் சீட்டுப் போட்டுப் பார்த்து ஆள் அனுப்புவார்கள்.

இருவரின் சான்றிதழையும் எல்லோரும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். உண்மைக் குணம் உள்ளே ஒளிந்திருக்கும், பரீட்சைதான் அதை வெளியே இழுக்கும் என்றார் மேனேஜர். இந்த இருவர் விஷயத்தில் ரொம்ப ஆழத்தில் ஒளிந்திருக்கும்போல என்று நானும் நம்பினேன். என் கையால் மாற்றிய பரீட்சை பொய் சொல்லுமா? மூன்று மாதம் சோதனையாக இருவரையும் இடம் மாற்றுவது, ஒத்துவந்தால் அப்படியே நிரந்தரமாக்குவது என்று முடிவானது. மற்றவர்கள் சான்றிதழை நாலாக மடித்துப் பையில் வைத்ததோடு சரி.

கடுகு அண்ணன் போனில் உட்கார்ந்த முதல் நாள் நாங்கள் யாரும் வேலை பார்க்கவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மெஷின் ஓடவில்லை என்று ஒருவர் பேசினார். "பிளக்கை மாட்டினீங்களா?" என்றார் அண்ணன். மறுமுனையில் அமைதி. "மாட்டிட்டுப் பேசுங்க," என்று வைத்துவிட்டார். அந்த ஆள் திரும்பப் பேசவே இல்லை. பிறகுதான் ஒன்று தெரிய வந்தது. பல வருடமாக ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து எடுத்துக் கொடுத்தவர் ஆனதால், எது எப்படிக் கெடும் என்பது அவருக்கு அத்துப்படி. போனை மெஷினுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மோட்டார் இல்லை, வடிகால் பம்ப்பில் சட்டைப் பித்தான் மாட்டியிருக்கிறது என்பார். மெக்கானிக் போய்த் திறந்து பார்த்தால் பித்தான் இருக்கும். மரியாதை தெரியாத ஆள் என்று வாரத்துக்கு நாலு பேர் மேனேஜரிடம் புகார் சொன்னார்கள். புகார் செய்யும் இடத்தைப் பற்றியே புகார். ஆனால் வீணாய் அலையும் மெக்கானிக்குகள் பாதியாகக் குறைந்தார்கள். இதில் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது எதிர்த்துப் பேசினால், தான் தண்ணீர் என்று அச்சடித்த காகிதமே இருக்கிறது, தன்னைச் சூடாக்க வேண்டாம் என்று கத்துவார்.

தேனக்கா விஷயம்தான் எனக்கு உறுத்தியது. ஸ்டோருக்குப் போனதிலிருந்து அவர் சிரிப்பதில்லை. சாப்பாட்டு மேஜையில் தன் டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, மூடி, போய்விடுவார். முன்பெல்லாம் நாங்கள் சொல்லும் மொக்கை ஜோக்குக்கும் முகமெல்லாம் சிரிப்பவர். பாவம், ஜனங்களோடு பேசிப் பழகிய மனுஷியை இரும்புச் சாமானுக்கு நடுவில் தூக்கிப் போட்டுவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நெருப்பு என்று பரீட்சை சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய முடியும் என்றும் இருந்தது.

சோதனைக் காலம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்தப் பரீட்சையை என் மனைவிக்கு வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. என் கெட்ட நேரம். அவள் கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கு எளிதில் கோபம் வருவதில்லை. ஆம், இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லு," என்றேன்.

"இல்லை."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் இதை ஒத்துக்கொண்டதே கிடையாது. டிக் போட்டுவிட்டு, "பரவாயில்ல, இன்னைக்காவது ஒத்துக்கிட்டியே," என்றேன்.

"என்னத்த ஒத்துக்கிட்டேன்?"

"கோபம் வரும்னு."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? வர்றது இல்லைன்னுதானே சொன்னேன்."

"நீ இல்லைன்னு சொன்னே."

"ஆமா. இல்லை. வர்றதில்லை. காது கேக்குதா உங்களுக்கு?"

வருவதில்லை என்ற வாக்கியத்துக்கு இல்லை என்று சொன்னால் வரும் என்றுதான் பொருள் என்று நான் இலக்கணமாக விளக்க ஆரம்பித்தேன். அவள் மடித்த துண்டு என் மூஞ்சியில் வந்து விழுந்தது. கோபமே வராதவளுக்குக் கோபத்தை வரவைக்கத்தான் இந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டாள். துண்டை முகத்திலிருந்து எடுப்பதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

நம் ஆட்கள் வாக்கியத்துக்குப் பதில் சொல்வதில்லை, விஷயத்துக்குப் பதில் சொல்வார்கள். கோபம் வராதவர் "வர்றதில்லை" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு "இல்லை"யில் டிக் போடுவார். வருகிறவர் "ஆமா, வரும்" என்று "ஆம்"இல் போடுவார். தலைமை அலுவலகம் அதை அப்படியே தலைகீழாகப் படித்திருக்கிறது. இருபது வாக்கியம், இருபத்தோரு பேர், எல்லாம் குட்டிக்கரணம். "ஒத்துக்கொள்ளவி"யை வெட்டிய அந்தக் கை என் கை. நடந்ததைச் சொன்னதும் என் மனைவி எழுந்து போய், ஃபிரிட்ஜ் கதவிலிருந்த சான்றிதழை உரக்கப் படித்தாள். "நுணுக்கங்களைத் தவறவிடாதவர்." திரும்பி வந்து மீதித் துணியை மடித்தாள்.

திங்கட்கிழமை, விடைத்தாள்களை அனுப்புமுன் எடுத்து என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்த நகல்களை எடுத்தேன். எதிர்மறை வாக்கியங்களின் டிக்கையெல்லாம் மாற்றிக் கணக்கெடுத்தேன். உலகம் தன் இடத்துக்குத் திரும்பியது. தினமும் வண்டிச் சாவிக்காக அடித்துக்கொள்ளும் மெக்கானிக்குகள் இருவரும் நெருப்பு. கடுகு அண்ணன் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு. தேனக்கா தண்ணீர், தெளிந்த தண்ணீர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பக்கத்தின் அழகுக்காக ஒரு மனுஷியை மூன்று மாதம் ஸ்டோரில் அடைத்துப் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மேனேஜர் கையெழுத்துப் போட்டால் அது நிரந்தரம். என் மானம் போனாலும் போகட்டும், அதற்குள் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். முதலில் அக்காவிடம் சொல்லிவிட்டால் அந்த முகத்தில் பழைய சிரிப்பைப் பார்த்த புண்ணியமாவது கிடைக்குமே என்று, புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் ஸ்டோருக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. பெல்ட்டுகள் நீளவாரியாக ஆணியில் தொங்கின. வடிகால் பம்ப்புகள், கதவு ரப்பர்கள், சுவிட்சுப் பித்தானிலிருந்து வால்வு வரை எல்லாம் தனித்தனித் தொட்டியில். ஒவ்வொன்றின் மேலும் அக்கா கையெழுத்தில் பெயர். ஜன்னலுக்கு மேலே ஒரு காகிதம்: "பழசைக் காட்டு, புதுசை வாங்கு." அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கே ஆச்சரியம். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டம், இடம் போதாமை, ஆம், இல்லை, தலைகீழ். வெள்ளிக்கிழமைக்குள் சரி செய்துவிடுவேன், உங்களைப் பழைய நாற்காலியில் உட்கார வைப்பது என் பொறுப்பு என்று முடித்தேன்.

அக்கா வால்வைக் கீழே வைத்தார். "யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டார். வீட்டில் மட்டும் என்றேன்.

"ஜன்னலைச் சாத்து."

சாத்தினேன்.

"நீ எழுதினதை நான் ரெண்டு தடவை படிச்சேன், தம்பி. 'கோபம் வருவதில்லை'ன்னு போட்டிருந்தே. அது பொய், அதனால 'இல்லை'ல டிக் போட்டேன். 'மறுத்துப் பேசப் பிடிப்பதில்லை'. அதுவும் பொய். இருபதும் யோசிச்சுத்தான் போட்டேன். மத்தவங்க எல்லாம் எப்படிப் போட்டாங்களோ, நான் சரியாத்தான் போட்டேன்."

எனக்கு விளங்க நேரமானது. அப்படியானால் உங்களுக்கு... என்று இழுத்தேன்.

"வரும். பதினாறு வருஷமா வருது. அந்த மெஷினை நான் செய்யல, நான் உடைக்கல. தினம் நாப்பது பேருகிட்ட மன்னிப்புக் கேட்டேன். ஒரு நாள் வீட்ல எம் புருஷன் சாவியைக் காணோம்னு கத்துறாரு. எங்கிட்ட இருந்து என்ன வந்துச்சு தெரியுமா? 'மன்னிச்சிடுங்க, உங்க சிரமம் புரியுது.' சொல்லிட்டு பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதேன்."

வேறு வேலை கேட்டிருக்கலாமே என்றேன். மூன்று முறை கேட்டாராம். உங்கள் குணத்துக்கு அந்த நாற்காலிதான் பொருத்தம் என்று மூன்று முறையும் சிரித்தே அனுப்பிவிட்டார்களாம். இந்த மேனேஜரும், இவருக்கு முன்பு இருந்தவரும். "நான் வாயால சொன்னப்போ யாரும் நம்பல. காகிதம் சொன்னதும் நம்பிட்டாங்க," என்றார்.

நான் அப்போதும் என் பெருமையை விடவில்லை. பரீட்சையைத் திருத்தமாக மாற்றி மறுபடி வைக்கச் சொன்னால் நியாயமாக இருக்குமே, நீங்கள் அப்போதும் நெருப்பாகத்தானே வருவீர்கள் என்று கேட்டேன்.

"வருவேன். கடுகும் நெருப்பா வருவார். ரெண்டு நெருப்புல யாரைத் தூக்கிப் போன்ல உக்கார வைப்பாங்க? சிரிக்கத் தெரிஞ்ச நெருப்பைத்தான்."

மூன்று மாதமாக நான் சோகம் என்று பார்த்தது அக்காவின் சொந்த முகம். அதைப் பார்த்துப் பழக்கமில்லாததால் எனக்குப் புரியவில்லை. நாற்பது கேள்வி கேட்ட காகிதம் மற்றவர்களைத் தலைகீழாகப் படித்தும் அவரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. ஒன்பது வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட நான் கண்டுபிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அக்கா எழுந்து வந்து என் முன்னால் நின்றார். "இது போயிட்டா எனக்கு மறுபடி இன்னொரு வாய்ப்பு வராது, தம்பி," என்றார். கெஞ்சுகிற குரல் இல்லை. ஆனால் பயந்திருந்தார் என்பது தெரிந்தது.

கடுகு அண்ணனையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை என்று அவர் மேஜைக்குப் போனேன். போனைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பழைய இடத்துக்குப் போக விருப்பமா என்று மெதுவாகக் கேட்டேன். பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, "பேரிங் சத்தம் கேட்டுட்டு இருக்கேன், எருமை மாதிரி வந்து நிக்கிற," என்றார். விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில் நிரந்தர உத்தரவு, அதற்குப் பக்கத்தில் தலைமை அலுவலகத்தின் கடிதம். மற்றக் கிளைகளில் எல்லாம் கலந்து வந்திருக்கிறதாம். எங்கள் கிளையில் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு நெருப்பு. மொழிபெயர்ப்பில் கோளாறு இருக்குமோ என்று கேட்டிருந்தார்கள். அப்படி இருந்தால் கையெழுத்தை நிறுத்திவிட்டு இருவரையும் பழைய இடத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மேனேஜர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்ணாடிக் கதவு வழியாக ஸ்டோர் ஜன்னல் தெரிந்தது. அக்கா வேலை பார்ப்பதுபோல் குனிந்திருந்தார். ஒரே தொட்டியை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மொழிபெயர்ப்புல தப்பு ஒண்ணும் இல்லையே, பண்டிதரே?"

"இல்லை சார்," என்றேன்.

தப்பு இல்லை என்கிறேனா, நீங்கள் சொல்வது அப்படி இல்லை என்கிறேனா என்பதை அவர் கேட்கவில்லை. நானும் இலக்கணம் விளக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, விளக்காமல் விட்டதில் எனக்கு நிம்மதி. அவர் கையெழுத்துப் போட்டார். இங்கே எல்லோரும் சூடான ஆட்கள்தான் என்று தலைமை அலுவலகத்துக்கு என்னையே ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஒரு பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

மத்தியானம் எனக்கு ஸ்டேப்ளர் பின் தீர்ந்துபோனது; அலுவலகச் சாமானும் ஸ்டோரில்தான் கிடைக்கும். ஸ்டோருக்குப் போனேன். உள்ளபடி சொல்கிறேன், பின் ஒரு சாக்கு. என்னால் காப்பாற்றப்பட்டவரைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஒரு பெட்டி பின் வேண்டும் என்று உரிமையோடு கேட்டேன். அக்கா என் கையைப் பார்த்தார். அதில் பழைய காலிப் பெட்டி இல்லை.

"இல்லை," என்றார்.

பதினாறு வருடமாக அந்த வாயில் "இல்லை"க்குப் பின்னால் ஒரு "மன்னிச்சிடுங்க" வரும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. எனக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் பழைய பெல்ட்டைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். நான் விலகி அவனுக்கு வழிவிட்டு, காலிப் பெட்டியைத் தேட என் மேஜைக்குத் திரும்பினேன்.